கேட்காமல் மாற்றிய கம்பிகள்

கிட்டார் கடைக்குப் போனால் சுவர் முழுக்கக் கிட்டார் தொங்கும். அத்தனையும் வலக்கைக்காரர்களுக்கு. "லெஃப்ட் ஹேண்ட் இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் முகம் ஒரு மாதிரி ஆகும். உள்ளே போவார், எதையெதையோ நகர்த்துவார், கடைசியில் தூசி தட்டிக்கொண்டே ஒன்றைத் தூக்கிவருவார். யாருமே வாங்காத நிறத்தில் இருக்கும் அது. "இது ஒண்ணுதான் இருக்கு. வேற வேணும்னா ஆர்டர் போடணும், எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்பார். இடக்கைக்காரர்கள் அதையே வாங்கிக்கொண்டு, அந்த நிறம் தங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். வேறு என்ன செய்ய?

சின்னவளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்தக் கடைக்கும் போவாள், சுவரில் தொங்குவதில் பிடித்ததை எடுப்பாள், அப்படியே திருப்பிப் பிடித்து வாசிப்பாள். தொல்லை கடைக்காரர்களுக்குத்தான். "மேடம், மேடம், தலைகீழா புடிச்சிருக்கீங்க" என்று பதறிக்கொண்டு வருவார்கள். இவள் நிமிர்ந்து பார்த்து, "அட ஆமா, இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

இதைக் கொஞ்சம் விளக்காவிட்டால் மேலே கதை புரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரில் ஆறு கம்பி. மடியில் வைத்தால் தடித்த கம்பி மேலே, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வரவர மெலிந்து, ஆக மெல்லிய கம்பி கீழே தொடைப் பக்கம் இருக்கும். இடது கை கழுத்தில் அழுத்தும், வலது கை மீட்டும். இடக்கைக்காரர்களுக்குக் கை இரண்டும் இடம் மாறவேண்டும். அதனால் அவர்கள் என்ன செய்வார்கள் என்றால், ஆறு கம்பியையும் கழற்றி வரிசையை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்க வெள்ளையாக ஒரு துண்டு இருக்கும், அதையும் மாற்றுவார்கள். அப்புறம் தடித்தது மேலே, மெல்லியது கீழே என்று எல்லாம் ஒழுங்காகிவிடும். விவரம் தெரிந்த இடக்கைக்காரர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்.

சின்னவள் அதைச் செய்யாதவள். கிட்டாரைத் திருப்பினாளே தவிர, கம்பியைத் தொடவில்லை. ஆக அவள் மடியில் மெல்லிய கம்பி மேலே, தடித்தது கீழே. ஆள்காட்டி விரல் செய்யவேண்டியதை அவளுக்குச் சுண்டு விரல் செய்யும். புத்தகத்தில் போட்டிருக்கும் விரல் படங்கள் ஒன்றுகூட அவளுக்கு உதவாது.

இதற்கெல்லாம் காரணம் பெரியவன். அதாவது அவளுடைய அண்ணன். வீட்டில் இரண்டே பிள்ளைகள். அம்மா பெரியவன், சின்னவள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, இப்போது அவனுக்கு உச்சியில் வழுக்கை விழுந்த பிறகும் பெரியவன்தான். பள்ளிக்கூட வயதில் அடம்பிடித்து, சாப்பிடாமல் கிடந்து, ஒரு கிட்டார் வாங்கினான். வாங்கிய அன்றே தங்கையைக் கூப்பிட்டு எச்சரித்தான்.

"கம்பில கை வெச்சே, கைய ஒடிச்சு அடுப்புல போட்டுடுவேன்."

அவன் பந்து விளையாடப் போன நேரத்தில் சின்னவள் கிட்டாரை எடுப்பாள். அவளுக்கு இடது கைப் பழக்கம். கம்பியை மாற்றிப் போட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். ஆகவே கிட்டாரைத் திருப்பிக்கொண்டாள். பாட்டு காதில் இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்று விரல் தேடும். அவன் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டால் பழைய இடத்தில் வைத்துவிட்டு, பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பாள். பெரியவனுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியார் ஒருநாள் இவள் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, "பாக்கவே தலைய சுத்துது. இந்தப் பொண்ணு கைய மாத்தச் சொல்லுங்கம்மா" என்றார். "எழுதற கையையே மாத்த முடியல, இதையா மாத்தப் போறேன்? நீங்க அவனப் பாருங்க" என்றாள் அம்மா.

அவனைப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை. விரல் வலிக்கிறது என்று அவன் கிட்டாரைக் கைவிட்டான். அவன் மனசு ஸ்க்ரூட்ரைவர் பக்கம் போனது. இன்றைக்கு ஏசி மெக்கானிக். வேலையில் கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பழக்கம். கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, கண்ணில் பட்டதை ரிப்பேர் செய்துவிடுவான். சமையலறை அலமாரி தலையில் இடிக்கிறது என்று உயரத் தூக்கி மாட்டினான். இடித்தது அவன் தலையில், எட்டாமல் போனது அம்மாவின் கைக்கு. அம்மா இன்றைக்கும் ஸ்டூல் போட்டுத்தான் உப்பு எடுக்கிறாள். கேட்டால், "நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்" என்பான். நிஜமாகவே நல்லதுக்குத்தான் செய்வான். அதுதான் வீட்டில் எல்லாருக்கும் பெரிய தலைவலி.

அவன் கைவிட்ட கிட்டார் சின்னவளுக்கு வந்தது. அப்போது கம்பியை மாற்றியிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் விரல்கள் ஒரு வழி கண்டுபிடித்து அதில் ஓடத் தொடங்கியிருந்தன. பிறகு சொந்தமாக ஒன்று வாங்கியபோதும் சாதாரண வலக்கைக் கிட்டாராகத்தான் வாங்கினாள்.

வாசிப்பு அவளுக்குச் சோறு போடவில்லை. சோறு போட்டது பல் லேப். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்வது வேலை. நாள் முழுக்க மாவுத் தூசி, தேய்க்கும் மெஷின் சத்தம், யார் யாரோ சிரிக்கப்போகிற பற்கள். சாயங்காலங்களில் விழாக்களுக்கு வாசிக்கும் ஒரு குழுவில் இருந்தாள். அங்கேயும் இடக்கை பெரிய வம்பு. எல்லாருடைய கிட்டார் கழுத்தும் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்க, இவளுடையது மட்டும் எதிர்ப்பக்கம். ஒரு தடவை பக்கத்தில் நின்ற ட்ரம்பெட்காரரின் பல்லைப் பதம் பார்த்துவிட்டது. நல்லவேளையாக அவள் வேலை பார்ப்பது பல் லேபில். அன்றிலிருந்து குழுத்தலைவர் அவளை மேடையின் கோடியில், ஸ்பீக்கருக்குப் பின்னால், வெளிச்சம் விழாத இடத்தில் நிறுத்தினார். "உன் நொட்டாங்கைய வெச்சுக்கிட்டு நடுவுல நிக்க முடியாதும்மா, தப்பா நினைச்சுக்காத" என்றார். அவள் தப்பாகத்தான் நினைத்தாள், சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நகரத்து நாடக அரங்கில் ஒரு நாற்காலி காலியானது. மேடைக்கு முன்னால் பள்ளம் மாதிரி ஒரு இடத்தில் உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியக் குழு அது. கிட்டார்காரர் ஓய்வுபெற்றுவிட்டார். நிரந்தர வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை, வயசாகித்தான் எழுந்திருப்பார்கள். இந்தத் தடவை விட்டால் தன் ஆயுசுக்கும் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று சின்னவளுக்கு நன்றாகத் தெரிந்தது. விண்ணப்பித்தாள். தேர்வுக்குச் சனிக்கிழமை காலை வரச்சொன்னார்கள், வாசிக்க வேண்டிய இசைக்குறிப்பையும் அனுப்பினார்கள்.

அந்த வாரம் பார்த்து அவளுடைய கிட்டாரில் ஓரிடத்தில் அழுத்தினால் கம்பி அதிர்ந்து 'கிர்' என்று ஒரு சத்தம். ரிப்பேர் செய்கிறவர் கடை பெரியவன் வேலைக்குப் போகிற வழியில்.

"அண்ணா, இத அங்க குடுத்துடறியா? இந்த ஒரு எடம் கிர்ருங்குது. அத மட்டும் பாக்கச் சொல்லு."

"குடு, நான் பாத்துக்கறேன்" என்றான் பெரியவன்.

நான் பாத்துக்கறேன் என்று அவன் சொன்னதும் அவள் உஷாராகியிருக்க வேண்டும். தேர்வு நினைப்பில் விட்டுவிட்டாள். வீட்டில் இருந்த பழைய கிட்டாரை எடுத்து, லேப் முடிந்து வந்து தினமும் பழகினாள். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்ற ரிப்பேர்காரர் சனிக்கிழமை காலைக்குத் தள்ளினார். "நீ நேரா தியேட்டருக்குப் போயிடு. நான் கடை தொறந்ததும் வாங்கிட்டு வேன்ல அங்கயே வந்துடறேன்" என்றான் பெரியவன்.

அரங்கின் பின்பக்கம் ஒரு நீண்ட நடை. சுவரோரம் நாற்காலிகள், மூலையில் ஒரு உடைந்த சிம்மாசனம், பழைய நாடகத்துடையது. தேர்வுக்கு மூன்று பேர். ஒருவர் உள்ளே வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்து சின்னவள், கடைசியில் ஒரு தொப்பிக்காரர். தொப்பிக்காரருக்கு வாய் ஓயவில்லை. எங்கெங்கே வாசித்தார், யார் யார் பாராட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மடியில் புத்தம் புதுக் கிட்டார், முகம் பார்க்கலாம் போல ஒரு பளபளப்பு.

பெரியவன் வியர்க்க வியர்க்க ஓடிவந்தான். வாயெல்லாம் பல்.

"இந்தா. உள்ள ஒரு சமாச்சாரம் வெச்சிருக்கேன், தொறந்தா உனக்கே தெரியும். வண்டிய எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் கத்தறாரு. நான் வெளில இருக்கேன். நல்லா வாசி, என்ன?"

பெட்டியைக் கொடுத்த கையோடு ஓடிவிட்டான். சமாச்சாரம் என்றால் ஏதாவது பூவோ சாக்லேட்டோ வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு சின்னவள் பெட்டியைத் திறந்தாள்.

பூ இல்லை. கிட்டார் துடைத்து மினுமினுவென்று இருந்தது. ஆறும் புதுக் கம்பி. தலைப்பக்கம் புதிதாக ஒரு வெள்ளைத் துண்டு, அருமையாக இழைத்துப் பொருத்தியிருந்தார்கள். எடுத்து மடியில் வைத்தாள். தடித்த கம்பி மேலே இருந்தது. முகத்துக்குப் பக்கத்தில்.

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. யாருடைய கிட்டாரையோ மாற்றிக் கொண்டுவந்துவிட்டான் என்று நினைத்தாள். பிறகு ஓரத்தில் இருந்த பழைய கீறலைப் பார்த்தாள். அவளுடையதுதான். இடக்கைக்காரர்களுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, முறைப்படி, அழகாக மாற்றிவிட்டிருந்தார்கள். விரலை வைத்து ஒரு தடவை மீட்டிப் பார்த்தாள். பாத்திரக்கடையில் அலமாரி சரிந்தது மாதிரி ஒரு சத்தம். தொப்பிக்காரர்கூடப் பேச்சை நிறுத்தினார்.

அடப்பாவி! என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கம்பியை இப்போதே கழற்றி மாற்றலாம் என்றால் நேரம் இல்லை. நேரம் இருந்தாலும், அந்தப் புதுத் துண்டில் மெல்லிய கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்த கம்பி உட்காராது. பழைய கிட்டார் வீட்டில் கிடக்கிறது, நகரத்தின் அந்தக் கோடியில். உள்ளே வாசிப்பு நின்றுவிட்டது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அழுதால் விரல் நடுங்கும் என்று அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

திரும்பித் தொப்பிக்காரரைப் பார்த்தாள்.

"சார், உங்க கிட்டாரக் கொஞ்சம் தரீங்களா? வாசிச்சிட்டு உடனே தந்துடறேன்."

"என்னாச்சு உங்களுக்கு?"

"கம்பி சரியில்ல சார்."

அவர் அவள் கையைப் பார்த்தார், கிட்டார் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார்.

"நீங்க லெஃப்ட் தானே? இது ரைட் ஹேண்டு கிட்டாராச்சே."

"பரவாயில்ல சார்."

தொப்பிக்காரரின் முகம் மலர்ந்தது. மனிதர் மோசமானவர் இல்லை. ஆனால் போட்டிக்கு வந்த இடக்கைக்காரிக்கு வலக்கைக் கிட்டாரைக் கொடுத்தால் தனக்கு ஒரு நஷ்டமும் வராது என்று கணக்குப் போடும் அளவுக்கு விவரமானவர். "தாராளமா எடுத்துக்குங்க, இதுக்கெல்லாமா கேக்கறது, கலைஞர்களுக்குள்ள என்ன இருக்கு" என்று இரண்டு கையாலும் நீட்டினார். அவ்வளவு தாராளத்தை அந்த நடை அதற்கு முன் பார்த்திருக்காது.

உள்ளே பியானோ முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வாத்தியக் குழுவை நடத்தும் அம்மாள். நரைத்த தலையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். சின்னவள் உட்கார்ந்து கிட்டாரைத் திருப்பிப் பிடித்ததும் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"தலைகீழா இருக்கே?"

"ஆமா மேடம். அப்படித்தான் வாசிப்பேன்."

"உங்க கிட்டாரா இது?"

"இல்ல மேடம். வெளில இருக்கறவரோடது."

நடத்தும் அம்மாளும் பியானோக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவள் எத்தனையோ மேடைகளில் பார்த்திருக்கிறாள். பியானோக்காரர் தொடங்கினார்.

விரலை வைத்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. மெல்லிய கம்பி மேலே, தடித்தது கீழே, எல்லாம் அதனதன் இடத்தில். கிட்டாரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள் அவள் முழங்கையில் இடித்தன, உடம்பின் வளைவு தொடைக்கு ஒத்துவரவில்லை. அதெல்லாம் அவளுக்குப் பழகியதுதான், யார் கிட்டாரானாலும் அப்படித்தான் இடிக்கும். மற்றவர்கள் கையை மேலிருந்து கீழே வீசினால் தடித்த கம்பியில் தொடங்கி மெல்லியதில் முடியும். இவள் வீசினால் மெல்லியதில் தொடங்கித் தடித்ததில் போய் இறங்கும். நடுவில் ஓரிடத்தில் ஒரு ஸ்வரத்தை வளைத்து அடுத்ததற்குக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்கள் மெல்லிய கம்பியை மேலே தள்ளி வளைப்பார்கள். இவளுக்கு அது மேலே இருப்பதால் கீழே இழுத்தாள். தள்ளுவதைவிட இழுப்பதில் கைக்குப் பலம் அதிகம். ஸ்வரம் அவசரப்படாமல் ஏறியது.

"நிறுத்துங்க" என்றார் நடத்தும் அம்மாள். "அந்த எடத்த மறுபடியும் வாசிங்க."

வாசித்தாள்.

"இன்னொரு தடவ."

மறுபடியும் வாசித்தாள். தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. "நோட்ல இருக்கறத அப்படியேதான் வாசிச்சேன் மேடம்."

"அதுல ஒண்ணும் தப்பில்ல. அந்த எடம் எங்க யாருக்கும் இப்படி வந்ததில்ல, அதான் கேக்கறேன். யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"யார்கிட்டயும் இல்ல மேடம். வீட்டுல அண்ணன் கிட்டார் இருந்துச்சு."

நடத்தும் அம்மாள் தலையிலிருந்து பென்சிலை உருவி எதையோ எழுதினார். பிறகு, "ஆனா கீழ எடம் ரொம்பக் கம்மி. உங்க கிட்டார் கழுத்து நீட்டற பக்கம் வயலின்காரர் ஒக்காந்திருக்காரு. அவர் வில்லுல இடிக்கும். யோசிக்கணும்" என்றார்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்கவைக்கிறவர்களும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தொப்பிக்காரர் கதவுக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறார். கிட்டாரை வாங்கிக்கொண்டு, அதை ஒரு தடவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நன்றாகவே வாசித்தார். சின்னவள் உடைந்த சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாற்றிய கம்பிகளோடு தன் கிட்டார் பெட்டியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக வந்தது. கிடைக்காவிட்டால் அண்ணனை என்ன செய்வது என்றுகூட யோசித்தாள்.

கடைசியில் நடத்தும் அம்மாளே வெளியே வந்தார். சின்னவளைப் பார்த்து, "திங்கக்கிழமை ஒத்திகை. வந்துடுங்க. வயலின்காரர அந்தப் பக்கம் மாத்தி ஒக்கார வெச்சுக்கறேன். நீங்க எதையும் மாத்திக்க வேணாம்" என்றார்.

சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நன்றி சொன்னாளா என்பதுகூட ஞாபகம் இல்லை. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "என் கிட்டார் செலக்ட் ஆயிடுச்சு, நான் ஆகல. வீட்டுல போய் எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார், கொஞ்சம் கஷ்டப்பட்டு.

பெரியவன் வேனை அடுத்த தெருவில், ஒரு மூடிய கடையின் நிழலில் நிறுத்தியிருந்தான். பின்னால் ஏசி உதிரிகள், குழாய்கள், கருவிப் பெட்டி. அவள் ஏறி உட்கார்ந்து கிட்டார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னாச்சு? சொல்லு."

"கிடைச்சிடுச்சு. திங்கக்கிழமைலேர்ந்து."

பெரியவன் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டான். ஹார்ன் அலறி, எதிரில் போன சைக்கிள்காரர் திட்டினார். பெரியவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்குத் தெரியும். எனக்கு அப்பவே தெரியும். அந்த ரிப்பேர்காரர் கிட்டாரப் பாத்துட்டு என்ன கேட்டாருன்னு நினைக்கறே? 'லெஃப்ட் ஹேண்டுப் பொண்ணா? பாவம், இதுல எப்படி வாசிக்குது? யாரு இப்படிப் பழக்குனது'ன்னாரு. மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நாந்தானே? கம்பியத் தொட்டா கைய ஒடிப்பேன்னு சொன்னவன் நாந்தானே? அதான், அவர் முறைப்படி மாத்தித் தரேன்னதும் ஒடனே மாத்துங்கன்னுட்டேன். இத்தன வருஷமா நீ தலைகீழா கஷ்டப்பட்டது போதும்."

பேசிக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"அம்மா, சின்னவளுக்கு வேல கிடைச்சிடுச்சும்மா! நான் கம்பிய மாத்திக் குடுத்தேன்ல, அதுல வாசிச்சிருக்கா."

"அடி என் தங்கமே! டேய், நீ பண்ணதுல ஒண்ணாவது உருப்படியா போச்சே. ஏண்டி, எப்பப் பாத்தாலும் அண்ணன அப்படிக் கரிச்சுக் கொட்டுவியே, இப்ப என்ன சொல்றே?"

சின்னவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பல வருஷத்துப் பாரத்தை இறக்கி வைத்தவன் முகம். பேசாமல் விட்டுவிடலாம். ஒரு வார்த்தை சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனால் அவன் ஆயுசுக்கும் சந்தோஷமாக இருப்பான். இவளும் ஆயுசுக்கும் அவன் மாற்றிக் கொடுத்த கம்பியில் வாசித்தவளாக இருந்துவிட்டுப் போகலாம்.

"அண்ணா, போன வை."

"ஏன், அம்மாகிட்ட..."

"வை சொல்றேன்."

வைத்தான்.

"நான் இந்தக் கிட்டார்ல வாசிக்கல. என்னால இதுல ஒரு பாட்டுகூட வாசிக்க முடியாது. அங்க இருந்த ஒருத்தர்கிட்ட கெஞ்சி அவர் கிட்டார வாங்கித் திருப்பிப் புடிச்சு வாசிச்சேன்."

பெரியவன் முழித்தான். "ஏன், அவர் சரியா பண்ணலையா? நான் பக்கத்துலயே நின்னு பாத்தனே."

"சரியாத்தான் பண்ணியிருக்காரு. வேற எந்த லெஃப்ட் ஹேண்டுக்காரங்களுக்குக் குடுத்தாலும் கும்பிட்டு வாங்கிப்பாங்க. நான் அப்படி வாசிக்கறவ இல்ல."

"தலைகீழாவா வாசிக்கப் போறே எப்பவும்?"

"அது உனக்குத் தலைகீழ். எனக்கு நேர். நீ கம்பியத் தொடக்கூடாதுன்னே. நான் தொடாம வாசிக்க ஒரு வழி கண்டுபிடிச்சேன். அதத்தான் அந்தம்மா மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. அதுக்குத்தான் வேல குடுத்தாங்க. நீ அதப் போய் ரிப்பேர் பண்ணியிருக்கே."

"நல்லதுக்குத்தான்..."

"தெரியும். நல்லதுக்குத்தான். நீ கெட்டவனா இருந்தா ஈசியா திட்டிட்டுப் போயிடுவேன்." அவள் குரல் உடைந்தது. "அப்பவும் நீ என்னக் கேக்கல. இப்பவும் என்னக் கேக்கல. கம்பியத் தொடாதேன்னும் நீயே சொல்றே, மாத்துன்னும் நீயே சொல்றே. கஷ்டப்படறேன்னு நீயே முடிவு பண்றே, கஷ்டம் தீந்துடுச்சுன்னும் நீயே முடிவு பண்றே. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த என்கிட்ட கேட்டியா?"

போன் அடித்தது, அம்மாதான். இரண்டு பேரும் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

"அப்ப நான் சின்னப் பையன்" என்றான்.

"இப்ப?"

பெரியவன் கண்ணாடி வழியே மூடிய கடையின் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். திங்கட்கிழமை ஒத்திகை. ரிப்பேர் கடை சனிக்கிழமை அரை நாள்தான், நாளைக்கு லீவு. பெட்டியின் உள்பையில் கை விட்டாள். ரிப்பேர்காரர் ஒழுங்கானவர், கழற்றிய பழைய வெள்ளைத் துண்டை ஒரு சின்னக் கவரில் போட்டு வைத்திருந்தார். வேனுக்குப் பின்னால் ஏறி, கருவிப் பெட்டியைத் தேடி ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு மரத்துண்டும் எடுத்தாள். பெரியவனும் இறங்கிப் பின்பக்கம் வந்தான். "நான் வேணா..." என்று கையை நீட்டினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டு, கதவோரம் உட்கார்ந்தான்.

கம்பிகளைத் தளர்த்தி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மரத்துண்டை வைத்துத் தட்டினாள், புதுத் துண்டு பெயர்ந்து வந்தது. ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினாள். பெரியவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சுரண்டுவதற்கு அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து சுரண்டினால் சுலபம் என்பதும் தெரியும். சும்மா இருப்பதுதான் அவனுக்குத் தெரியாத வேலை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பழைய துண்டை அதன் இடத்தில் வைத்தாள். முதல் கம்பி இறுகி அதை அழுத்தும் வரைக்கும் யாராவது பிடித்துக்கொண்டால்தான் அது நகராமல் நிற்கும். ஒரு கை கம்பிக்கு, ஒரு கை முறுக்க. இரண்டு தடவை முயன்றாள், இரண்டு தடவையும் துண்டு வழுக்கிக் கீழே விழுந்தது.

"நான் பிடிச்சுக்கட்டுமா?" என்று பெரியவன் கேட்டான்.

கேட்டுவிட்டு, கையை நீட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவள் உடனே பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கீழே விழுந்த துண்டை எடுத்தாள், ஊதித் துடைத்தாள், தடித்த கம்பியைத் தனியாகப் பிரித்து வைத்தாள். அவன் காத்திருந்தான்.

"பிடி" என்றாள்.

"எந்தப் பக்கம் பாத்து வைக்கணும்?"

காட்டினாள். அவன் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். அவள் முதல் கம்பியை முறுக்கத் தொடங்கினாள்.